பெய்த மழை யாருடையது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில், கலிபோர்னிய மாநிலத்தின் தென்கோடியிலே, சான் டியேகோ என்னும் நகரம் அமைந்துள்ளது. 1915ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரத்தார் தண்ணீர்க் கவலையில் ஆழ்ந்திருந்தனர். அவர்களுடைய மொறேனா நீர்த்தேக்கம் நிரம்பாது கிடந்தது. அவ்வேளையில், முன்னர் தையல் இயந்திரம் விற்றுப் பிழைத்தவரும், பின்னர் மழை வருவிப்பவர் எனப் பேர் பெற்றவருமான சாள்ஸ் ஹற்பீல்ட் என்பவர் நகரசபையார் முன் தோன்றினார். மொறேனா நீர்த்தேக்கம் நிரம்புமாறு தாம் மழையை வருவிப்பதாகவும், நிரம்பினால் 10,000 டொலர் தரவேண்டும் என்றும், நிரம்பாவிடில் யாதும் தரவேண்டியதில்லை என்றும் அவர் கூறினார். சபையாரும் இணங்கினர்; ஆனால் அதனை முறையான உடன்படிக்கையாக எழுதிக் கைச்சாத்திட்டாரல்லர்.

ஹற்பீல்ட் நீர்த்தேக்கத்தின் அருகே கோபுரம் ஒன்றை எழுப்பி, தாம் மட்டுமே அறிந்த இரசாயனக் கலவையொன்றை ஆவியாக்கி வானில் விட்டார். 1916ஆம் ஆண்டு சனவரி மாதம் மழை தொடங்கியது. தொடங்கிய மழை நின்றபாடில்லை. ஆறுகள் கரை புரண்டன. பாலங்கள் அடியோடு போயின. சனவரி 27ஆம் திகதி கீழ் ஓட்டே அணை உடைந்தது. பலர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்தபின் ஹற்பீல்ட் தமது கூலியைக் கேட்டார். அப்பொழுது நகரத்தின் சட்டத்தரணி எடுத்துரைத்த வாதம் கருதத்தக்கது. மழை இயற்கையின் செயலாயின் உமக்குக் கூலி இல்லை. அது உமது செயலாயின் வெள்ளத்தால் நேர்ந்த நட்டம் முழுவதற்கும் நீரே பொறுப்பாளி என்பதே அவ்வாதம். வழக்கு இழுபட்டு, ஈற்றில் 1938ஆம் ஆண்டிலே தள்ளுபடியாயிற்று.

அம்மழைக்கும் ஹற்பீல்டின் கலவைக்கும் தொடர்பில்லை என்பது இன்று தெளிவு. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வந்த பெரும் புயல்கள் தென் கலிபோர்னியா முழுவதையுமே அம்மாதத்தில் நனைத்தன. எனினும், வேடிக்கை போலத் தோன்றும் இவ்வழக்கினுள்ளே கடினமான வினா ஒன்று அடங்கியிருந்தது. பெய்த மழை, மனிதன் தலையிடாதிருந்தாலும் பெய்திருக்குமா? முகிலுக்கு விதை தூவிய விஞ்ஞானத்தின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

ஹற்பீல்டுக்கு முன்னரும் மழையை வருவிக்க முயன்றோர் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் எஸ்பி என்னும் அமெரிக்க வானிலை அறிஞர், பெருங்காடுகளைக் கொளுத்தினால் வெப்பக் காற்று மேலெழுந்து மழையாகும் என்றார். அவர் கூறிய பரிகாரம் விபரீதமானது. ஆயினும் சூடான ஈரக்காற்று மேலெழுந்து குளிர்வதாலேயே முகில் உண்டாகிறது என்னும் அவருடைய அடிப்படைக் கருத்துச் சரியானது. 1891ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கத்தின் பணத்தைக் கொண்டு றொபேட் டைரன்போத் என்பவர் ரெக்சாஸ் மாநிலத்தில் வெடிகளை வெடித்தார். போர்களின்பின் மழை பெய்கிறது என்னும் பழைய நம்பிக்கையே அதற்கு ஆதாரம். வெடியோசை கேட்டது, நம்பத்தக்க பயன் எதுவும் விளையவில்லை.

முகில் இருந்தும் மழை பெய்யாதிருப்பது ஏன் என்பதை முதலில் அறிதல் வேண்டும். முகிலிலுள்ள நீர்த்துளி ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவினது. இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள மழைத்துளி ஒன்று உருவாவதற்கு இத்தகைய துளிகள் பத்து இலட்சம் ஒன்றுசேரல் வேண்டும். தனித்தனியே நிற்கும் அச்சிறு துளிகள் காற்றில் மிதந்து திரிந்து, பின்னர் ஆவியாகி மறைந்துவிடும். வறட்சிக் காலத்தில் கமக்காரன் தலைக்கு மேலே கருமுகில் வந்து கூடியும் ஒரு சொட்டும் விழாது கலைந்து செல்வதன் காரணம் இதுவே.

இந்தப் புதிருக்குப் பனிக்கட்டியிலே விடை உண்டென்பதை ஜேர்மனிய அறிஞர் அல்பிரட் வெக்னர் 1911ஆம் ஆண்டில் குறிப்பாகச் சுட்டினார். சுத்தமான நீர்த்துளி உறைநிலைக்குக் கீழே சென்றவுடன் உறைந்துவிடுவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே பத்து, இருபது பாகையிலும் அது நீராகவே நிற்கக்கூடும். இவ்வாறு மிகைக்குளிர்ந்த துளிகளிடையே பனிப்பளிங்கு ஒன்று தோன்றினால், துளிகள் ஆவியாகி அப்பளிங்கின்மீது படியும். பளிங்கு விரைவாகப் பருத்துக் கனத்துக் கீழே விழும். 1922ஆம் ஆண்டிலே, நோர்வேயின் ஒஸ்லோ நகருக்கு அண்மையிலுள்ள மலைக்காட்டுப் பாதையில் உலாவிய சுவீடன் நாட்டு அறிஞர் தோர் பெர்ஜரோன் இதனைக் கண்கூடாகக் கண்டார். உறைநிலைக்குச் சற்று மேலான நாட்களில் மூடுபனி மரங்களினூடே நிலம்வரை நிறைந்திருந்தது. கடுங்குளிர் நாட்களிலோ, பனிப்பளிங்கு படிந்த மரக்கிளைகளிடையே அது கலைந்து வெளித்திருந்தது. மரத்திலே படிந்திருந்த பளிங்குகள் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டன என அவர் உணர்ந்தார். இதனை அவர் 1930களில் விரிவான கொள்கையாக வெளியிட, வால்ரர் பின்டைசன் என்பார் 1938இல் அதனை மேலும் வளர்த்தார். முகிலிலே போதிய பனிப்பளிங்குகள் இல்லாவிடில் மனிதனே அவற்றைத் தோற்றுவிக்கலாமன்றோ என்னும் எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

அவ்வெண்ணம் செயலானது நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்ரடி நகரிலுள்ள ஜெனரல் இலெக்ரிக் கம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்திலே. 1932இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர் அங்கே தலைமை தாங்கினார். அவருக்குத் துணையாக இருந்தவர் வின்சென்ற் ஷேபர். உயர்கல்விப் பட்டம் எதுவும் பெறாத ஷேபர், கைத்திறனாலும் கூர்ந்த நோக்கினாலும் உயர்ந்தவர். வீட்டுப் பாவனைக்குரிய குளிர்பெட்டி ஒன்றினுள்ளே கறுத்த வெல்வெற்றுத் துணியை விரித்து, அதனுள் தமது மூச்சை ஊதி, அவர் சிறு முகில் ஒன்றை உண்டாக்கினார். மிகைக்குளிர்ந்த அம்முகிலிலே பலவகைத் தூள்களைத் தூவியும் பளிங்கு தோன்றவில்லை. 1946ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வெயில் மிகுந்த ஒரு நாளிலே, பெட்டியின் குளிர் போதாதெனக் கண்டு, உலர்பனிக்கட்டி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டுத் துண்டொன்றை அதனுள் வைத்தார். அக்கணமே பெட்டி நிறையப் பனிப்பளிங்குகள் மின்னின. துளிகள் தாமாகவே உறைதற்குப் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது பாகைக் குளிர் தேவை. உலர்பனிக்கட்டி அதனைத் தன்னைச் சுற்றி ஏற்படுத்திவிட்டது.

அவ்வாண்டு நவம்பர் 13ஆம் திகதி ஷேபர் சிறு விமானமொன்றில் ஏறி, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கிறேலொக் மலைக்கு அண்மையில் நின்ற முகிலொன்றின்மீது சில இறாத்தல் உலர்பனிக்கட்டியைத் தூவினார். சில நிமிடங்களில் முகிலின் அடியிலிருந்து பனி சொரிந்தது. அது நிலத்தை அடையுமுன் உலர்ந்த காற்றில் ஆவியாகிவிட்டதாயினும், நெடுந்தொலைவில் நின்று நோக்கிய லாங்மியூர் அக்காட்சியைக் கண்டார். மறுநாளே அதே ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பேர்ணாட் வொனகட் மற்றொரு கண்டுபிடிப்பைச் செய்தார். பனிப்பளிங்கின் அமைப்பை ஒத்த அமைப்புடைய பொருள் யாதென்று பளிங்கியல் அட்டவணைகளிலே தேடிய அவர், வெள்ளி அயடைட்டைத் தேர்ந்தெடுத்தார். முதலிற் கிடைத்த மாதிரி சுத்தமற்றதாக இருந்தமையால் தோல்வியுற்றவர், சுத்தமான பொருளைக் கொண்டு வெற்றி பெற்றார். வெள்ளி அயடைட்டின் புகை, பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு பாகையளவிலேயே நீர்த்துளிகளை உறையச் செய்யத் தொடங்கும்.

எனினும் அமெரிக்க முகிலின் பனி நிலத்தை எட்டவில்லை. மனிதன் விதைத்த முகிலிலிருந்து மழை நிலத்தில் விழுந்ததாக முறையாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அவுஸ்திரேலியாவிலே நடந்தது. 1947ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாதர்ஸ்ற் நகருக்கு அண்மையில், கிறவுஸ், ஸ்குவயர்ஸ் என்னும் இருவர் திரண்முகில்களின் உச்சியிலே உலர்பனிக்கட்டியைத் தூவினர். விதைத்த முகிலொன்று மேலும் உயர்ந்து, காளான் போல விரிந்து, மழையைப் பொழிந்தது. சூழவிருந்த மற்றைய முகில்களோ அவ்வாறு வளரவில்லை.

இவ்வெற்றிகளின் பின் நம்பிக்கை விஞ்ஞானத்தின் எல்லையைத் தாண்டி ஓடியது. 1947 தொடக்கம் 1952 வரை அமெரிக்கப் படைத்துறையின் ஆதரவில் 'சிரஸ் திட்டம்' நடைபெற்றது. 1947 ஒக்ரோபர் 13ஆம் திகதி, கரையை விட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தினுள் விலகிச் சென்றுகொண்டிருந்த சூறாவளி ஒன்றிலே அத்திட்டத்தினர் உலர்பனிக்கட்டியைத் தூவினர். சூறாவளி திசை மாறி மேற்கே திரும்பி, ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகர்ப்பக்கம் கரையேறிச் சேதம் விளைத்தது. மக்கள் சினங்கொண்டனர், வழக்குத் தொடுப்போம் என்ற பேச்சும் எழுந்தது. சூறாவளி திரும்பியது தமது விதையினாலேயே என லாங்மியூர் நம்பினார். ஆனால், விதைப்பதற்கு முன்னரே அது திரும்பத் தொடங்கிவிட்டதென்றும், 1906ஆம் ஆண்டிலே எவரும் விதைக்காத சூறாவளியொன்று இதையொத்த பாதையிற் சென்றதென்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. சான் டியேகோவில் எழுந்த வினா சவானாவில் மீண்டும் எழுந்தது. இம்முறை அதனை எழுப்பியவர் ஊர் சுற்றும் மழைவணிகரல்லர். நோபல் பரிசு பெற்ற பேரறிஞர்.

1949ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து லாங்மியூர் நியூ மெக்சிக்கோவில் வெள்ளி அயடைட்டை வாரந்தோறும் குறித்த நாட்களில் எரிக்கச் செய்தார். வெகு தொலைவிலுள்ள ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே ஏழு நாட்களுக்கொருமுறை மழை கூடிக் குறைந்ததைக் காட்டி, அது தமது செயலின் விளைவே என்றார். வானிலைப் பணியகத்தைச் சேர்ந்தோர் பழைய பதிவேடுகளைப் புரட்டி, மனிதன் விதைக்காத ஆண்டுகளிலும் அத்தகைய ஒழுங்கு சிலவேளைகளிலே தோன்றியிருப்பதை எடுத்துக் காட்டினர். லாங்மியூர் 1957இல் மறையும்வரை தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். இரு சாராரும் அறிவும் நேர்மையும் உடையோரே. அவர்கள் உடன்பட முடியாமைக்குக் காரணம் ஒன்றே: தலையிடாதிருந்தால் முகில் என்ன செய்திருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல அன்று எவருக்கும் இயலவில்லை.

ஆகவே, முகிலை மாற்ற விரும்பினோர் முதலில் முகிலைக் கணிக்கக் கற்க வேண்டியவராயினர். அக்கல்விக்கு அடித்தளமிட்டது, 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒகையோவிலும் நடைபெற்ற இடிமுகில் ஆராய்ச்சித் திட்டம். இரண்டாம் உலகப் போரில் உபயோகித்த இரவுப்போர் விமானங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து உயரங்களில், பொங்கி எழும் இடிமுகில்களைத் துணிவுடன் ஊடுருவிச் சென்றன. ஹொரஸ் பையர்ஸ், றொஸ்கோ பிறகாம் ஆகியோர் அம்முடிவுகளை 1949இல் நூலாக்கினர். இடிமுகில் என்பது ஒரே பொருளன்று. பல கலங்களின் கூட்டமே அது. ஒவ்வொரு கலமும் முதலில் மேலெழு காற்று மட்டும் நிறைந்து வளரும். பின் மேலெழு காற்றும் கீழிறங்கு காற்றும் அருகருகே நிற்க மழை கொட்டும். ஈற்றில் கீழிறங்கு காற்றே மிஞ்ச அழியும். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு மணித்தியாலமளவிலேயே அடங்கிவிடும். இவ்வளவு குறுகிய வாழ்வுடைய ஒன்றை விதைப்பவர், விதைக்கும் தருணத்தைச் சிறிது தவறவிட்டாலும் முயற்சி வீணாகும்.

மேற்காவுகையாலே தோன்றும் இத்திரண்முகில்களின் உயரத்தைக் கணிப்பது எங்ஙனம்? வெயிலாற் சூடேறிய காற்றுத் திரளொன்று மேலெழும்போது, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய பத்துப் பாகை வீதம் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கியதும் மறைவெப்பம் வெளிப்படுவதால் அது குளிரும் வேகம் குறைகிறது. சுற்றியுள்ள காற்றிலும் பார்க்க அது சூடாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். கருவி தாங்கிய பலூனை அனுப்பி மேல்வளியின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிந்தால், முகிலின் உச்சி எங்கே நிற்கும் எனக் கணக்கிடலாம். ஆனால் இக்கணக்கின்படி வந்த உயரத்தை உண்மை முகில்கள் பெரும்பாலும் எட்டவில்லை. எழும் முகில் தன் பக்கங்களிலிருந்து உலர்ந்த குளிர்காற்றை உள்ளிழுத்து வலிமை குன்றுகிறதென்பதை 1947இல் ஹென்றி ஸ்ரொமெல் விளக்கினார்.

இத்துறையிலே முன்னின்றவர் ஜோஆன் சிம்சன் என்னும் அம்மையார். 1949இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்காவிலே வானிலையியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. முகிலை ஓர் இயந்திரமாகக் கொண்டு, அதன் எழுச்சியைச் சமன்பாடுகளாக்கிக் கணினியிடம் ஒப்படைத்தார். ஒரு கிராம் நீர் உறையும்போது எண்பது கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. வெள்ளி அயடைட்டினால் முகிலிலுள்ள மிகைக்குளிர்ந்த நீர் முழுவதையும் ஒருங்கே உறையச் செய்தால், அவ்வெப்பம் முகிலுக்குப் புதிய உந்துதலைத் தரும். சில நாட்களில் அவ்வுந்துதல் தடையைத் தாண்டி முகிலை நெடுந்தூரம் உயர்த்தும். வேறு சில நாட்களில் பயன் தராது. எந்த நாள் எத்தகையது என்பதைக் கணக்கே முன்கூட்டிச் சொல்லவேண்டும். விதைத்தால் உச்சி எங்கே, விதைக்காவிட்டால் உச்சி எங்கே என இரண்டையும் கணித்து, அவற்றின் வேறுபாட்டை அந்நாளின் 'விதைப்புத் தகுதி' எனக் கொண்டனர்.

1965ஆம் ஆண்டிலே கரிபியன் கடல்மேல் இக்கணக்குச் சோதிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கு எடுத்த 23 முகில்களில் எவற்றை விதைப்பது என்பதை அறிஞரின் விருப்பத்துக்கு விடாது எழுமாற்றாகத் தீர்மானித்தனர். 14 முகில்கள் விதைக்கப்பட்டன. 9 விதைக்கப்படாமல் அவதானிக்கப்பட்டன. விதைத்தவை சராசரியாக 1.6 கிலோமீற்றர் மிகுதியாக வளர்ந்தன. அவற்றின் வளர்ச்சி கணித்த விதைப்புத் தகுதியை ஒட்டியே அமைந்தது. விதைக்காதவை, விதைக்காவிடில் எங்கே நிற்குமெனக் கணித்தனரோ ஏறக்குறைய அங்கேயே நின்றன. ஹற்பீல்டின் வழக்கிலே நீதிமன்றத்துக்குக் கிட்டாத சாட்சியம், முகிலின் உயரத்தைப் பொறுத்தவரையிலேனும் இங்கே கிடைத்தது.

ஆனால் கமக்காரனுக்கு வேண்டியது முகிலின் உயரமன்று. நிலத்திலே விழும் நீர். புளோரிடாவின் தென்பகுதியில் 1970 தொடக்கம் 1976 வரை நடந்த பரிசோதனைகள் மழை கூடியதற்கான அறிகுறிகளைத் தந்தன. அதனை உறுதிசெய்யும் பொருட்டு 1978 தொடக்கம் 1980 வரை இரண்டாம் பரிசோதனை நிகழ்ந்தது, உறுதி கிடைக்கவில்லை. அதற்கு முன்னரே, மிசூரி மாநிலத்தில் 1960 முதல் 1964 வரை பிறகாம் நடத்திய பரிசோதனையில், விதைத்த நாட்களில் மழை குறைவாகவே காணப்பட்டது. அம்முடிவை மறைக்காது வெளியிட்டமை அவருக்குப் பெருமை. இஸ்ரேலிலே 1961 முதல் 1967 வரை நடந்த பரிசோதனை ஏறக்குறைய 15 வீத மழைப் பெருக்கைக் காட்டியது. நெடுங்காலம் அது இத்துறையின் முன்மாதிரியாக விளங்கியது. பின்வந்த ஆய்வாளர் அதன்மீது ஐயங்களை எழுப்பினர். 2013 தொடக்கம் 2020 வரை மீண்டும் எழுமாற்று முறையிற் சோதித்தபோது, கிடைத்த பெருக்கு 1.8 வீதமே. அது தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

இத்தடுமாற்றத்துக்கு ஆழ்ந்த காரணமும் உண்டு. 1963இல் எட்வேட் லொறன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் மேற்காவுகையைக் குறிக்கும் எளிய சமன்பாடுகளைக் கணினியில் இட்டு ஆராய்ந்தபோது, தொடக்கத்திலுள்ள மிகச் சிறிய வேறுபாடும் காலஞ்செல்லப் பெருத்து, முடிவை முற்றும் மாற்றிவிடுவதைக் கண்டார். ஒரு வயலின்மேல் முகில் பொங்க, பக்கத்து வயலின்மேல் வானம் வெளித்திருக்கும் இயல்பும் இத்தகையதே. இன்று ரேடாரும் செய்மதியும் விரைவான கணினிகளும் துணை நிற்கின்றன. ஒரு பிரதேசத்திலே பிற்பகலில் இடிமழை எழக்கூடுமென்பதை நிகழ்தகவாகச் சொல்ல இயல்கிறது. குறித்த ஒரு முகில் குறித்த ஓர் ஊரிலே எத்துணை மழை பொழியும் என்பதைச் சொல்வது இன்னும் அரிதாகவே உள்ளது.

பனிப்பளிங்கின் துணையின்றியே மழை பொழியும் வெப்பமண்டல முகில்கள் வேறொரு வகையின. அவற்றில் உப்பு முதலிய நீர்கவரும் பொருள்களைத் தூவி, பெருந்துளிகளை உண்டாக்க முயல்வர். தாய்லாந்திலே மன்னர் பூமிபோலின் ஆதரவில் 1969இல் இம்முயற்சி தொடங்கியது. இந்தியாவில் தமிழ்நாட்டு அரசாங்கம் 1983இலும் பின்னரும் வறட்சியின்போது முகில் விதைப்பை மேற்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பிரதேசமான சோலாப்பூரிலே, 2018, 2019ஆம் ஆண்டுகளின் பருவமழைக் காலங்களில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 276 முகில்களை எழுமாற்று முறையில் ஆராய்ந்தனர். ஏறக்குறைய நூறு சதுர கிலோமீற்றர் பரப்பில் சராசரி 18 வீதப் பெருக்கு ஏற்பட்டதாக அறிவித்தனர். இலங்கையிலும் 2019 மார்ச் மாதத்தில், நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றிய வேளையிலே, தாய்லாந்து முறையைப் பின்பற்றி, விமானப்படையும் மின்சார சபையும் இணைந்து மவுசாக்கலைப் பகுதியின் வானில் இரசாயனங்களைத் தூவின. அதன்பின் மழை பெய்தது. ஒருநாள் முயற்சியைக் கொண்டு, அம்மழை எதனால் விளைந்ததெனத் தீர்ப்புக் கூறுதல் இயலாது என்பதை மேற்கூறிய வரலாறு உணர்த்தும்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஈற்றில் ஓரிடத்திற் கிடைத்தது. 2017 சனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியிலே, அசைவு குறைந்த குளிர்கால முகிலொன்றில் விமானம் முன்னும் பின்னும் சென்று வெள்ளி அயடைட்டை விதைத்தது. சிறிது நேரத்தில், விமானம் சென்ற அதே கோணல்மாணலான பாதை, பனி விழும் கோடாக ரேடார்த் திரையிலே தோன்றியது. இயற்கை அத்தகைய கோட்டை வரைவதில்லை. ஆனால் அது அமைதியான மலைமுகில். பொங்கி எழும் திரண்முகிலன்று. விழுந்த பனியை நீராக அளந்தால், ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கே.

இத்துறையிலே தீய நோக்கும் புகாமலில்லை. 1967 முதல் 1972 வரை அமெரிக்கப் படையினர் வியட்நாம் போரிலே எதிரியின் பாதைகளைச் சேறாக்கும் நோக்குடன் இரகசியமாக முகில்களை விதைத்தனர். அது வெளிப்பட்டபின், சூழலை மாற்றும் முறைகளைப் போர்க்கருவியாக்குவதைத் தடுக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1976இல் ஏற்றது; அது 1978இல் நடைமுறைக்கு வந்தது.

முகிலை விதைப்பவர் முகிலைப் படைப்பவரல்லர். வானிலே ஈரமும் எழுச்சியும் உள்ளபோது, மழையைச் சிறிது கூட்டும் ஆற்றல் சிலவகை முகில்களில் அவருக்கு உண்டு. கொடிய வறட்சியிலே, மழை மிக வேண்டப்படும் நாளிலே, விதைத்தற்குரிய முகிலே வானில் இராது. ஆதலின் அறிவுடைய அரசுகள் மழை மிகுந்த பருவத்திலேயே விதைத்து நீரைத் தேக்க முயல்கின்றன. குளங்களையும் கால்வாய்களையும் பேணும் கடமையை விதைப்பு நீக்கிவிடாது. சான் டியேகோவில் எழுந்த வினாவுக்கு விடை தேடி எண்பது ஆண்டளவாக அறிஞர் உழைத்துள்ளனர். அவர்கள் முதலிற் கற்றது, மழை பெய்தவுடனே அதற்கு உரிமை கொண்டாடாதிருத்தலாகும்.